ஏலக்காய்க் கணக்கு போட லேப்டாப்பில் பைத்தான்: போனில் சொன்னதை எழுதிவைக்கிறேன்

மாமா மகன் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காயைக் காயவைக்கிற இடத்தில், கணக்குப் பார்க்கிறான். நான் மலைக்குக் கீழே கம்பத்தில். போன மாதம் ஒருநாள் ராத்திரி கூப்பிட்டு, "மச்சான், மாசாமாசம் இதே எக்செல் வேலைய கையாலயே செஞ்சு கண்ணு போச்சு. பைத்தான்ல போட்டா ஒரே தட்டுல முடியுமாமே, சொல்லிக்குடுங்க" என்றான். ஒரே தட்டில் முடியாது என்று சொன்னேன். நம்பவில்லை. நாலு ராத்திரி போனில் பேசித்தான் முடிந்தது. அதில் முதல் ராத்திரி மட்டும்தான் பைத்தான் என்ற நிரல் மொழியை நிறுவப் போனது, மிச்ச மூன்றும் அவன் ஃபைலுக்கே சரியாகிவிட்டது. அதனால் இதிலும் இன்ஸ்டால் பகுதி சின்னதாகவும் ஃபைல் பகுதி பெரியதாகவும் இருக்கும்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னது என்பதால் கட்டளைகளை ஒலிப்பாகவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து, 'கோடு' என்றால் மைனஸ் குறி, 'அடிக்கோடு' என்றால் அண்டர்ஸ்கோர்.

லேப்டாப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அவனுடையது நாலு வருஷப் பழசு, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி டிஸ்க். அட்டவணைக் கணக்குக்காக நாம் போடப்போகிற பாண்டாஸ் என்கிற நூலகம் (பைத்தானோடு சேர்த்துக்கொள்கிற ஆயத்த நிரல் தொகுப்பு) ஃபைல் முழுவதையும் ராமில் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும், ஆகவே ராம் முக்கியம்தான், ஆனால் நம்மிடம் இருப்பது என்ன? புத்தடியிலும் போடியிலும் நடக்கிற ஏலங்களைப் பத்து வருஷத்துக்குச் சேர்த்தாலும் சில ஆயிரம் வரிகள். 4 ஜிபி மெஷினே இதற்குத் தாராளம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அதற்காகப் பைத்தான் ஓடாமல் போகாது.

பைத்தானையும் நூலகங்களையும் ஒரே மூட்டையாகத் தருகிற அனகோண்டா போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், ஆனால் அது முழுதாக இறங்கினால் பல ஜிபி பிடிக்கும், அதில் நமக்கு வேண்டியது நாலே நாலு. இருநூறு பேருக்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் காசு கட்டிய உரிமமும் வேண்டும். கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், நெட் நன்றாக இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நல்லதுதான். வண்டன்மேட்டில் மழை பிடித்தால் டவர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மெஷினிலேயே நிறுவுவோம்.

பைத்தான் தளத்துக்குப் போனால் பெரிய மஞ்சள் பொத்தான் ஒன்று புத்தம்புதிய பதிப்பைக் காட்டும். அதை அமுக்காமல் கீழே பட்டியலில் ஒரு பதிப்பு பின்னால் வாருங்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் புதுப் பதிப்பு வருகிறது, அது வந்த கையோடு எல்லா நூலகங்களும் அதற்கு ஏற்ப மாறியிருக்காது. ஒரு பதிப்புக்கு ஐந்து வருஷம் திருத்தங்கள் வரும் என்பதால் அவசரமும் இல்லை. நாங்கள் எடுத்தது 2024 அக்டோபரில் வந்த 3.13. அதில் 64 பிட் விண்டோஸ் இன்ஸ்டாலர்.

இன்ஸ்டாலர் திறந்ததும் எல்லோருடைய கையும் நேராக 'இன்ஸ்டால் நவ்' மேல் போகும். நிறுத்துங்கள். அந்தச் சன்னலின் அடியில் 'ஆட் பைத்தான் டாட் எக்ஸி டு பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, டிக் இல்லாமல். அதை முதலில் டிக் செய்யுங்கள். இவன் செய்யவில்லை. அப்புறம் கறுப்புச் சன்னலில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டது, "மச்சான், கடைய திறந்து காட்டுது, காசு கேக்குமா?" என்றான். காசு கேட்காது. பைத்தான் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, பழையதை நீக்கிவிட்டு டிக்கோடு போட்டோம். அப்படியும் ஸ்டோர் வந்தால் ஸ்டார்ட் மெனுவில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியசஸ்' என்று தேடி, அதில் பைத்தான் பெயரில் இருக்கிற இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

சரிபார்க்க, ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டி, வருகிற கறுப்புச் சன்னலில்: பைத்தான், ஒரு இடைவெளி, இரண்டு கோடு, வெர்ஷன். 3.13 என்று தொடங்கும் எண் வந்தால் வேலை பாதி முடிந்தது. விண்டோஸ் 11இல் டெர்மினல் என்று தேடித் திறந்தால் பவர்ஷெல் வரும், அதில் பின்னால் ஒரு சிவப்புப் பிழை காத்திருக்கிறது. பழைய சிஎம்டியே போதும்.

அடுத்து ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப்பில் போடாதீர்கள், பல மெஷின்களில் டெஸ்க்டாப் உண்மையில் ஒன்டிரைவுக்குள் இருக்கும், நீங்கள் வேலை செய்யச் செய்ய அது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை மேகத்துக்கு ஏற்றப் பார்த்துக்கொண்டிருக்கும். நேராக சி டிரைவில் 'ஏலம்' என்று, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரு ஃபோல்டர். சிஎம்டியில் சிடி என்று தட்டி அதற்குள் போங்கள்.

அங்கே நின்று: பைத்தான், கோடு எம், வென்வ், என்வ். நாலு சொல்லுக்கும் நடுவே இடைவெளி, கோடும் எம்மும் மட்டும் ஒட்டி. சில விநாடிகளில் 'என்வ்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் முளைக்கும். இது எதற்கு என்று கேட்டான். ஸ்டோரில் பத்துப் பேர் காயை ஒரே தட்டில் கொட்டிக் காயவைப்பாயா என்று கேட்டேன். "அடிச்சிருவாங்க" என்றான். அதேதான். இந்த வேலைக்கு வேண்டிய நூலகங்கள் இந்தத் தட்டில் மட்டும் இருக்கட்டும். நாளைக்கு வேறு எதற்காவது வேறு பதிப்பு வேண்டுமென்றால் அதற்கு வேறு தட்டு. கெட்டுப்போனால் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது.

தட்டுக்குள் நுழைய: என்வ், பேக்ஸ்லாஷ், ஸ்கிரிப்ட்ஸ், பேக்ஸ்லாஷ், ஆக்டிவேட், எல்லாம் ஒட்டி. வரியின் இடது ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் என்வ் என்று வரவேண்டும். ஒவ்வொரு முறை சிஎம்டியைப் புதிதாகத் திறக்கும்போதும் இதைச் செய்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு பாண்டாஸ் இல்லைங்குது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். முதலில் இடது ஓரத்தைப் பாருங்கள், அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்.

இப்போது நூலகங்கள். இவற்றை நெட்டிலிருந்து இறக்கி நிறுவுகிற கருவியின் பெயர் பிப். பைத்தான், கோடு எம், பிப், இன்ஸ்டால், பிறகு நாலு பெயர்: பாண்டாஸ், மேட்பிளாட்லிப் (படம் வரைய), ஜுபிட்டர்லேப் (பிரவுசரில் நிரல் எழுத), ஓபன்பைஎக்செல் (எக்செல் ஃபைலைப் படிக்க). ஒவ்வொரு பெயரும் ஒட்டியே இருக்க வேண்டும், பெயர்களுக்கு நடுவே மட்டும் இடைவெளி. போனில் சொன்னால் வருகிற வம்பு இங்கேதான். ஜுபிட்டர் என்றதும் வியாழன் கிரகத்தின் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். இதில் நடுவில் ஐ வராது, ஒய் வரும், ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயரைச் சேர்த்துச் செய்த பெயர் அது, ஒய் பைத்தானிலிருந்து வந்தது. மேட்பிளாட்லிப்பில் மேட் என்பதற்கு எச் கிடையாது. எழுத்துப் பிழை விட்டால் 'இல்லை' என்று வந்தால் பரவாயில்லை. பிரபலமான பெயர்களுக்குப் பக்கத்து எழுத்தில் கெட்ட நிரலை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிற ஆட்களும் உண்டு. என்டர் அமுக்கும் முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

எங்களுக்கு இங்கே டவர் போய்விட்டது. இரண்டு முறை பாதியில் நின்றது. சரி, பிப் டவுன்லோட் என்று ஒன்று இருக்கிறதே என்று நான் கம்பத்தில் என் மெஷினில் எல்லாவற்றையும் இறக்கிப் பென்டிரைவில் போட்டேன். பிப் டவுன்லோட், கோடு டி, ஃபோல்டர் பெயர், அப்புறம் அதே நாலு பெயர். விடியற்காலையில் காய் எடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே போகிற ஜீப் ஒன்றில் கொடுத்துவிட்டேன், டிரைவர் பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் போன்: ஒன்றும் ஏறவில்லை. தப்பு என்னுடையது. என் மெஷினில் பைத்தான் 3.12, அவனுடையதில் 3.13. பிப் இறக்குகிற வீல் ஃபைல்களில் (நிறுவத் தயாராகக் கட்டிய நூலகப் பொட்டலங்கள்) பாதி, எந்தப் பதிப்புக்கு, எந்த இயங்குதளத்துக்கு என்று கட்டிவைத்தவை, ஃபைல் பெயரிலேயே சிபி312 என்று எழுதியிருக்கும். அடுத்த நாள் நானும் 3.13 போட்டு இறக்கி மறுபடி ஜீப். அங்கே: பிப் இன்ஸ்டால், இரண்டு கோடு நோ கோடு இண்டெக்ஸ், இரண்டு கோடு ஃபைண்ட் கோடு லிங்க்ஸ், பென்டிரைவ் ஃபோல்டர் பெயர், நாலு பெயர்கள். நெட் இல்லாமலே ஏறியது.

ஜுபிட்டர், லேப் என்று இடைவெளி விட்டுத் தட்டினால் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் 8888 என்று இருக்கும். அது இணையம் இல்லை, உங்கள் மெஷினேதான். பின்னால் ஓடுகிற கறுப்புச் சன்னலை மூடினால் இதுவும் செத்துவிடும். நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி ஓட்டுகிற ஃபைலுக்கு நோட்புக் என்று பெயர். புது நோட்புக் ஒன்று திறந்து பெயர் வையுங்கள், ஆனால் நோட்புக்குக்கோ பக்கத்தில் வைக்கிற எந்த நிரல் ஃபைலுக்கோ பாண்டாஸ் என்று பெயர் வைக்கும் பழக்கம் வேண்டாம். பாண்டாஸ் டாட் பிஒய் என்று ஒரு ஃபைல் பக்கத்தில் கிடந்தால் பைத்தான் நிஜப் பாண்டாஸை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும்.

முதல் கட்டத்தில் இம்போர்ட் பாண்டாஸ் ஆஸ் பிடி என்று எழுதி ஷிஃப்டும் என்டரும். எதுவும் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் வெற்றி. கட்டங்களை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போனால் எது முன்னால் ஓடியது என்றே தெரியாமல் போகும், அதனால் நாளின் கடைசியில் ஒருமுறை 'ரீஸ்டார்ட் கெர்னல் அண்ட் ரன் ஆல்' கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே விடை வந்தால்தான் அது விடை.

ஃபைலைப் படிக்கும்போது முழு முகவரி கொடுக்காதீர்கள். சி டிரைவ், யூசர்ஸ் என்று பேக்ஸ்லாஷோடு எழுதினால், பேக்ஸ்லாஷும் பெரிய யுவும் சேர்ந்து பைத்தானுக்கு வேறு அர்த்தம், உடனே யூனிகோட் பிழை என்று கத்தும். எக்செல் ஃபைலை அதே ஏலம் ஃபோல்டரில் போட்டுவிட்டு, பிடி டாட் ரீட் அடிக்கோடு எக்செல் என்று எழுதி அடைப்புக்குறியில் ஃபைல் பெயர் மட்டும் கொடுங்கள். சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக, மாற்றித்தான் தீருவேன் என்றால், சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப் 8' என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி கொடுத்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது. பைத்தானிலிருந்து சிஎஸ்வி எழுதும்போது என்கோடிங் 'யுடிஎஃப் கோடு 8 கோடு சிக்' என்று கொடுத்தால் எக்செல்லும் தமிழை ஒழுங்காகத் திறக்கும்.

இவ்வளவும் முதல் ராத்திரி. டவருக்கும் ஜீப்புக்கும் போன நாளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அவன் ஃபைலில் இருப்பது ஸ்பைசஸ் போர்டு தினமும் வெளியிடுகிற மாதிரியான வரிகள்தான்: தேதி, மையம், லாட் எண்ணிக்கை, வரத்து கிலோ, விற்றது, உச்ச விலை, சராசரி விலை. பழைய கணக்குப்பிள்ளை காலத்திலிருந்து கையால் ஏற்றியது. உச்ச விலையைக் கோடாக வரைந்து பார்த்தோம். 2019இல் ஒரு ஊசி மாதிரி 7,000 ரூபாய்க்கு எழுந்து நின்றது. யாரோ ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டார்கள், அந்த வரியை நீக்கிவிடு என்று சொல்லப்போனேன். அவன் சொன்னான்: "ஐயோ அது நெசம் மச்சான். புத்தடி ஏலத்துல ஏழாயிரம் போச்சு. அன்னைக்கு ஆடிப்பெருக்கு, வீட்ல எல்லாரும் அதையே பேசிட்டிருந்தோம்." அதற்கு முந்தைய வருஷம் வெள்ளம், அப்புறம் மழை இல்லை, காய் இல்லை. நிஜம்தான். ஆனால் எங்கள் படத்தில் அந்த ஊசி மார்ச் மாதத்தில் நின்றது. ஆடிப்பெருக்கு மார்ச்சில் வருமா?

அங்கேதான் பிடிபட்டது. 2019 ஆகஸ்ட் 3. ஃபைலில் 03-08-2019 என்று அடித்திருக்கிறார்கள். அந்தப் பழைய மெஷினில் விண்டோஸின் ரீஜன் அமெரிக்காவாக இருந்திருக்கிறது, எக்செல் அதை மார்ச் 8 என்று எடுத்துக்கொண்டது. 13ஆம் தேதி முதல் அடித்தவற்றுக்குப் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அவற்றைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. எக்செல்லில் அந்தத் தேதி நெடுவரிசையை உற்றுப் பாருங்கள்: சில தேதிகள் வலது ஓரம் ஒட்டி இருக்கும், அவை எக்செல் தேதியென்று நம்பியவை, சில இடது ஓரம் ஒட்டி இருக்கும், அவை எழுத்து. இரண்டும் கலந்திருந்தால் உங்களுக்கும் இதே நோய். இன்னொரு அறிகுறி, வராத தேதியில் ஏலம் நடந்திருக்கும். ஆகஸ்ட் நடந்துகொண்டிருக்கும்போதே டிசம்பர் 8 ஏலம் என்று ஒரு வரி இருக்கும், அது 12-08.

திருத்தியது இப்படி: தேதி வகையாக வந்த செல்களில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினோம், எழுத்தாக வந்தவற்றை பிடி டாட் டு அடிக்கோடு டேட்டைம் மூலம், ஃபார்மேட் என்று தெளிவாகக் கொடுத்துப் படிக்கவைத்தோம். ஃபார்மேட் என்பது சதவீதக் குறி டி, கோடு, சதவீதக் குறி எம், கோடு, சதவீதக் குறி ஒய், இதில் ஒய் மட்டும் பெரிய எழுத்து. ஊசி ஆகஸ்டுக்குப் போனது. அப்புறம் கன்ட்ரோல் பேனலில் ரீஜனை 'இங்கிலீஷ் இந்தியா' என்று மாற்றச் சொன்னேன், இனி அடிப்பதாவது சரியாக இருக்கட்டும்.

மூன்றாம் ராத்திரி இன்னும் மோசம். மையம் வாரியாகக் கூட்டச் சொன்னோம், குரூப்பை என்ற கட்டளை. இரண்டு மையம்தானே, இரண்டு வரி வரவேண்டும். ஏழு வந்தது. புத்தடி, புற்றடி, கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிய புத்தடி, வண்டன்மேடு, ஒரு நாள் மலையாளி அண்ணன் ஒருவர் உட்கார்ந்து மலையாள எழுத்தில் அடித்த புத்தடி. இவையெல்லாம் புரிகிறது. எஸ்டிஆர் டாட் ஸ்டிரிப் என்றால் ஓர இடைவெளி போய்விடும், மற்றவற்றுக்கு ரீப்ளேஸ். ஆனால் போடி என்று இரண்டு வரி. இரண்டும் போடிதான். இடைவெளி இல்லை, எழுத்துப் பிழை இல்லை, பெரிதாக்கிப் பார்த்தாலும் அச்சு அசல் ஒன்றே.

நீளத்தை எண்ணச் சொன்னேன், லென் என்ற கட்டளை. ஒன்று நாலு, இன்னொன்று ஐந்து. யூனிகோடில் 'போ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: பகரத்துக்குப் பின் ஓகாரக் குறி என்று ஒரே குறியீடு, அல்லது ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடு. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் வரும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு ஊர். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய வரிகளில் இப்படிப் பிரிந்து கிடப்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகள் மூன்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு, கொச்சி, கோம்பை, போடி என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் அது ஏராளம். தீர்வு ஒரே வரி. நெடுவரிசையின் பெயருக்குப் பின் எஸ்டிஆர் டாட் நார்மலைஸ், அடைப்புக்குறியில் என்எஃப்சி, மூன்றும் பெரிய எழுத்து. தமிழ் எழுத்து இருக்கிற எந்த நெடுவரிசையையும் படித்தவுடன் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். நான் இப்போது கேட்காமலே செய்கிறேன்.

கடைசி ராத்திரிச் சண்டை சராசரியைப் பற்றி. மாதச் சராசரி விலை வேண்டும் என்று சராசரி விலை நெடுவரிசைக்கே, சராசரி எடுக்கிற 'மீன்' கட்டளையைப் போட்டுவிட்டான். ஒரு ஏலத்தில் 10,000 கிலோ 2,400 ரூபாய்க்கும் இன்னொன்றில் 60,000 கிலோ 2,600க்கும் போனதாக வைத்துக்கொள்வோம். அவன் வழியில் 2,500. நிஜத்தில் மொத்தப் பணம் பதினெட்டுக் கோடி, மொத்தக் காய் 70,000 கிலோ, வகுத்தால் 2,571. கிலோவுக்கு எழுபத்தொரு ரூபாய் வித்தியாசம், இதை வைத்து மாமா யாரிடமாவது பேரம் பேசினால் என்ன ஆகும்? விற்ற கிலோவையும் விலையையும் பெருக்கி ஒரு புது நெடுவரிசை, மாதம் வாரியாக இரண்டையும் கூட்டு, கடைசியில் வகு. சராசரிகளைச் சராசரி எடுக்காதே என்று கத்தியதில் என் வீட்டில் எழுந்துவிட்டார்கள்.

படத்தில் தலைப்பைத் தமிழில் போட ஆசைப்பட்டால், மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் கிடையாது, வெறும் கட்டங்கள்தான் வரும். எழுத்துருவை 'நிர்மலா யுஐ' என்று மாற்றினால் எழுத்து வரும், ஆனால் எங்கள் பதிப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. போராடவில்லை. படத்தில் ஆங்கிலம், அட்டவணையில் தமிழ் என்று விட்டுவிட்டோம்.

எல்லாம் ஓடியபின், பிப் ஃபிரீஸ் என்று தட்டி, பெரிது என்ற கணிதக் குறி போட்டு, ரிக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று கொடுங்கள். எந்த நூலகம் எந்தப் பதிப்பு என்ற பட்டியல் ஒரு ஃபைலாக விழும். வேறு லேப்டாப்புக்கு மாறும்போது அந்த ஃபைலையும் நோட்புக்கையும் எக்செல்லையும் மட்டும் எடுத்துப் போங்கள். என்வ் ஃபோல்டரைக் காப்பி செய்தால் வேலை செய்யாது, பழைய மெஷினின் முகவரிகள் அதற்குள் எழுதிக் கிடக்கும். புது இடத்தில் புதுத் தட்டு போட்டு, பிப் இன்ஸ்டால், கோடு ஆர், அந்தப் பட்டியலின் பெயர். மேலே போகிறவர்கள் இதையும் டவர் இருக்கும்போதே பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள், பதிப்பு எண்ணை மட்டும் முதலில் கேட்டுவிட்டு.